முட்டு

எங்கள் கழனியில் ஒரு வார்த்தையை யாரும் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான். அப்போது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சட்டம் போடுகிற வயசா அது என்று கேட்கலாம். எனக்கு வெட்கம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும், கோபம் வந்தால் வயசு தெரியாது. இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த வார்த்தை முட்டு. சாயப்போகிற சுவருக்கோ பந்தலுக்கோ தாங்கலாகக் கொடுக்கிற கட்டை. தமிழில் அதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் நாங்கள் இருப்பது ஆந்திர எல்லைக்குள், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, மார்க்கெட்டில் வாயில் எது முதலில் வருகிறதோ அது.

எங்கள் நைனா, அதாவது அப்பா, போடுவது பீர்க்கங்காய்ப் பந்தல். ஆடியில் விதை ஊன்றினால் ஆவணியில் கொடி மேலே ஏறிவிடும், புரட்டாசியில் முதல் பறிப்பு. கார்த்திகை மழை கொடியை அழுக வைக்கும்வரை பறித்துக்கொண்டே இருக்கலாம். தை பிறந்ததும் அதே பந்தலில் பாகல் ஏறும். கோடையில் கீழே வெண்டை, கத்தரி. மாமரம் வைக்கிற அளவுக்கு எங்களுக்கு நிலம் இல்லை. ஊரே மாங்காய் லாரிக்குப் பின்னால் ஓடுகிற வைகாசியில் நாங்கள் வெண்டைக்காய்ச் சுணை அரித்த கையைச் சொறிந்துகொண்டிருப்போம். வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று காய்த்துக்கொண்டிருந்தாலும் எங்களைத் தூக்கி நிறுத்துவது பீர்க்கங்காய்தான். அது போனால் தை வரைக்கும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

பந்தல் நிற்பது முட்டில். நாலு மூலைக்கும் கல்தூண், நடுவில் சவுக்குக் கட்டை. காய் பிடித்துக் கம்பி தொய்ய ஆரம்பித்ததும் தலையில் கவட்டை உள்ள கட்டையாகப் பார்த்துக் கம்பிக்கு அடியில் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஆறாம் வகுப்பில் ஒருநாள் காற்றில் பந்தல் ஒருபக்கம் இறங்கிவிட, நைனா என்னைப் பள்ளிக்கூடம் போக வேண்டாமென்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் கட்டையைக் கொடுக்க, நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒரே சந்தோஷம், அன்றைக்குக் கணக்குப் பரீட்சை.

மறுநாள் சார் கேட்டார், "நின்ன எந்துகு ராலேது?"

நேற்று ஏன் வரவில்லை என்கிறார். எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த தெலுங்கில் பளிச்சென்று சொன்னேன், "மா பந்திரிகி முட்டு சார். நேனு, மா நைனா பட்டுகுன்னாம்."

எங்கள் பந்தலுக்கு முட்டு, நானும் நைனாவும் பிடித்துக்கொண்டோம் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. வகுப்பு வெடித்துச் சிரித்தது. சார் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுப் பக்கம் திரும்பிவிட்டார், அவர் முதுகு குலுங்கியது. இன்டர்வெல்லில் பக்கத்து பெஞ்சுப் பெண் காதில் கையைக் குவித்து விஷயத்தைச் சொன்னாள். தெலுங்கில் முட்டு என்றால் பெண்களின் மாதவிலக்கு. எனக்கு அந்த விஷயமே அப்போதுதான் பாதி தெரியும். எங்கள் பந்தலுக்கு மாதவிலக்கு என்றும், அதை நானும் அப்பாவும் பிடித்துக்கொண்டோம் என்றும் ஐம்பது பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு முடிகிறவரை எனக்குப் பெயர் முட்டுப்பந்திரி.

அன்று சாயங்காலம் கழனிக்குப் போனால் நைனா வழக்கம்போல, "பாப்பா, அந்த முட்ட எட்து குடு" என்றார்.

"இனிமே அந்த வார்த்தைய சொல்லாத நைனா."

"எந்த வார்த்த?"

"அதான். இப்ப சொன்னியே, அது."

"ஏன், அதுக்கு இன்னா?"

"சொல்லாதன்னா சொல்லாத" என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி, அந்தக் கட்டைய எட்து குடு" என்றார். அதற்குப் பிறகு கட்டைதான். என் எதிரில் மட்டுமல்ல, நான் இல்லாதபோதும் அப்படித்தான் சொல்கிறார் என்று அம்மா ஒருதடவை சொன்னாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சட்டத்தை மதிக்காத ஆள் ஒருத்தர்தான். பக்கத்துக் கழனி அக்கா. தெலுங்குக்காரர், சொந்தம் கிடையாது, ஆனால் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே போர்த் தண்ணீர், அதனால் பறிப்புக்கு அவர் இங்கே வருவார், அம்மா அங்கே போவாள். எங்களோடு பழகிப் பழகி, எங்கள் கழனியில் கால் வைத்தால் அவருக்கும் முட்டு என்றால் கட்டைதான். "முட்டு" "முட்டு" என்று கூச்சமில்லாமல் கத்துவார். நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

பெரியவளான பிறகு வெட்கம் குறையும் என்பார்கள். எனக்குக் கூடியதுதான் மிச்சம். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளுக்குத் தூரம் என்று பெயர். தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. முக்கியமாகப் பந்தலுக்குள் போகக் கூடாது. போனால் பூ கொட்டும், பிஞ்சு அழுகும். அம்மாவுக்கு அதில் உண்மையான பயம் உண்டு. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு வருஷம் அவள் தெரியாமல் நுழைந்துவிட்டாளாம், அந்தப் போகம் முழுக்கக் கொடி சுருண்டு போயிற்றாம். வைரஸ் நோய் என்று நான் சொன்னால், "எந்தக் கழுத நோயா இருந்தா இன்னா, வந்தது என்னாலதான" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் மேலே பேச வாய் வராது.

இப்போது நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய், ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே செல்போன் போர்டு பூட்டுகிற வேலை. அங்கே தூரமும் கிடையாது, கிட்டவும் கிடையாது. வலித்தால் மாத்திரை போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு விதத்தில் அது எனக்கு நிம்மதி.

போன புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமைக்கு லீவு போட்டுவிட்டு, வியாழக்கிழமையே ஊருக்கு வந்தேன். அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை. விடியற்காலையில் பந்தலில் முதல் பறிப்பு, அந்தக் காயில் கூட்டு வைத்து இலையில் படைத்து, கோவிந்தா போட்ட பிறகுதான் மீதிக் காய் மார்க்கெட்டுக்குப் போகும். பெருமாளுக்குக் காட்டாமல் ஒரு பிஞ்சைக்கூடக் கிள்ள மாட்டோம். பஸ் சத்தியவேடு தாண்டும்போதே வயிற்றில் தெரிந்துவிட்டது. இன்னும் நாள் இருந்தது, முன்னாலேயே வந்துவிட்டது. இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் ஏறி ஹாஸ்டலுக்கே போய்விடலாமா என்று நினைத்தேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் அம்மாவுக்கு என் முகம் போதும். வாசற்படியிலேயே, "ஏன்டி, இன்னிக்குத்தானா" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

புரட்டாசி என்பதால் வீட்டுக்குள் இடம் இல்லை. கழனி ஓரத்து மோட்டார் ரூமில் பாய் போட்டாள். சம்பாதிக்கிற பெண், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெண், பட்டப்பகலில் மோட்டார் ரூம் வாசலில் தட்டும் டம்ளருமாக உட்கார்ந்திருந்தால் வழியில் போகிறவனுக்குப் புரியாதா? கழுத்தில் போர்டு எழுதி மாட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. பால்காரர் சைக்கிளில் போகும்போது தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் பார்த்திருந்தால்கூடத் தேவலை. நைனா மோட்டார் போட வந்தவர் என் பக்கம் திரும்பாமல் ஸ்டார்ட்டரை அழுத்திவிட்டு, "போன்ல சார்ஜ் கீதா?" என்று கேட்டார். "கீது" என்றேன். இந்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சு என்று பார்த்தால், பெரியவளான நாளிலிருந்து இவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மாவும் நைனாவும் டிவிஎஸ்ஸில் புத்தூருக்குப் போனார்கள். வாழை இலை, துளசி, கற்பூரம், காய் கட்டச் சாக்கு. அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் காற்று வந்தது. வாழைத்தோப்புப் பக்கம் இலை கிழிகிற சத்தம் கேட்டது, அதற்கப்புறம் எங்கள் பந்தலில் கிர்ரென்று கம்பி முனகியது.

எழுந்து பார்த்தேன். கிழக்கு வரிசையில் இரண்டு கட்டை பிடுங்கிக்கொண்டு விழுந்திருந்தது. காய்ப் பாரம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்து, ஈரத்துணி போட்ட கொடி மாதிரி பந்தல் தொய்ந்துகொண்டிருந்தது. மூலைக் கல்தூணும் மெல்ல ஆடியது. அது சாய்ந்தால் கம்பி வலை மொத்தமும் இறங்கும், கொடி அறுந்துபோகும், ஒரு காய்கூட மிஞ்சாது. வரப்பு வரைக்கும் ஓடினேன். வரப்பில் நின்றுவிட்டேன். கால் அதற்கு மேல் போகவில்லை. நாலாம் வகுப்பிலிருந்து அறிவியல் படித்திருக்கிறேன், ஸ்ரீசிட்டியில் வேலை செய்கிறேன், வாய் கிழியப் பேசுவேன். ஆனால் அந்த வரப்பில் நான் என் அம்மாவின் மகள்தான். பூ கொட்டிவிட்டால் என்னாலதான என்று நானும் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும்.

அதற்குள் அக்கா தன் கழனியிலிருந்து ஓடிவந்து பந்தலுக்குள் புகுந்து ஒரு கட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "பாப்பா, ரா! ஊத பெட்டு, ஊத!" என்று கத்தினார். வா, தாங்கல் கொடு என்கிறார்.

வர முடியாது என்று சைகை காட்டினேன். அவருக்குப் புரியவில்லை, மறுபடி கத்தினார். வேறு வழியில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக, அந்தத் தெலுங்கு வார்த்தையை அதன் சரியான அர்த்தத்தில் வாய்விட்டுச் சொன்னேன்.

"முட்டு, அக்கா! நாகு முட்டு!"

"அவுனு, முட்டே!" என்றார் அக்கா காற்றுக்கு மேலாக. "தொந்தரகா பெட்டு!"

ஆமாம், முட்டேதான், சீக்கிரம் கொடு. நான் எனக்குத் தூரம் என்று சொல்ல, அவர் கட்டையென்று எடுத்துக்கொண்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் நான் கட்டை என்று சொன்னேன், அவர்கள் மற்றதாக எடுத்துக்கொண்டார்கள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இன்னொரு தடவை அதைக் கத்துவதற்கு உள்ளே போவதே மேல் என்று தோன்றியது. அம்மாவை மீறவேண்டும் என்றோ, மூடநம்பிக்கையை ஒழிக்கவேண்டும் என்றோ நான் அந்த வரப்பைத் தாண்டவில்லை. வெட்கம் தாங்காமல் தாண்டினேன்.

விழுந்த கட்டையைத் தூக்கிக் கவட்டையைக் கம்பிக்குக் கொடுத்துத் தோளால் முட்டுக் கொடுத்து நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. கால் சேற்றில் வழுக்கியது. பிஞ்சுகள் முகத்தில் மோதின, பூ தலையெல்லாம் ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்தப் பக்கத்துக் கட்டையில் அக்கா சாமி பெயர்களைச் சொல்லிக்கொண்டும், நடுவில் காற்றைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டும் நின்றார். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, சுடிதார் நனைந்து கறை பரவியிருக்கிறது. நகரவும் முடியாது, மறைக்கவும் முடியாது. முதுகைக் கட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன்.

மழை விடுகிற நேரத்தில் டிவிஎஸ் சத்தம் கேட்டது. அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு வந்த நைனா, வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பந்தலைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பார்த்தது ஒரு கணம்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் தோளில் போட்டுவிட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு, "வுடு, நான் புட்ச்சிக்கிறேன். நீ போய் தல தொவட்டிக்கோ" என்றார். துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடினேன். தலை துவட்ட அல்ல அந்தத் துண்டு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மோட்டார் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பந்தல் பிழைத்தது என்ற சந்தோஷம் ஒரு பக்கம் கிடக்க, அப்பா பார்த்துவிட்டாரே என்றுதான் அழுதேன்.

சனிக்கிழமை விடிந்தபோது வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா குளித்து, ஈரத் தலையோடு கூடையை எடுத்துக்கொண்டு வந்தவள், பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். கீழே சேற்றில் என் கால் தடம் அப்படியே இருந்தது. நைனாவிடம் மெல்லத்தான் சொன்னாள், எனக்குக் கேட்டுவிட்டது.

"இந்தக் காய் தளிகைக்கு வேணாம். நகரில போய் வெல காய் வாங்கிக்கினு வா."

நைனா கம்பியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காதுல வுழுதா? பொண்ணு இந்த நெலமையில உள்ள வந்துக்கீறா. பெருமாளுக்கு எப்டி வெப்ப? நாளைக்குக் கொடி சுருண்டுச்சின்னா?"

அவளுக்கு என் மேல் கோபமில்லை. அந்தப் பழைய வருஷம் மறுபடி வந்துவிடும் என்ற பயம். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எழுந்து வந்து, நான் வேணும்னு போகலைம்மா என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றுகிற ஆட்டோ வந்து நின்றது. அக்காவும் பறிப்புக்குச் சாக்கோடு வந்துவிட்டார். ஆட்டோக்காரர் பல வருஷமாக வருகிறவர், தெலுங்குக்காரர். இறங்கியதும் பந்தலைப் பார்த்து வாயைப் பிளந்தார். வழி நெடுக ஒரு பந்தல் நிற்கவில்லையாம். "மீதி எட்ல நிலபடிந்தி அன்னா?" உங்களுடையது மட்டும் எப்படி நின்றது?

நைனா கம்பியை விட்டார். அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். ஆட்டோக்காரரிடம் தெலுங்கில், நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மா பாப்பா முட்டு. தானிவல்லே நிலபடிந்தி."

எங்கள் பாப்பாவின் முட்டு. அதனால்தான் நின்றது.

ஆட்டோக்காரருக்கு எங்கள் வீட்டுத் தமிழ் பழக்கம். அவர் கட்டையைத் தட்டிப் பார்த்து, "மஞ்சி முட்டு" என்று பாராட்டிவிட்டு ஆட்டோவின் பின்கதவைத் திறக்கப் போனார். அக்கா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கொடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. முந்தின நாள் நான் என்ன கத்தினேன் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது என்று நினைக்கிறேன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிணறாக இருந்தால் குதித்திருப்பேன், எங்களுடையது போர். இந்த மனுஷனுக்குப் பேச வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று பல்லைக் கடித்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஆறாம் வகுப்பிலிருந்து இந்த மனுஷன் வாயில் இந்த வார்த்தை வந்ததே இல்லை. நான் சொல்லாதே என்றதும், மேலே துருவாமல் விட்டவர். எல்லையிலேயே பிறந்து, தெலுங்கில் பேரம் பேசி, தெலுங்கில் சண்டை போட்டு வளர்ந்த ஆளுக்கு அந்த வார்த்தை இரண்டு பக்கமும் என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும்? அன்றைக்கே தெரிந்துதான் விட்டிருக்கிறார். இன்றைக்குத் தெரிந்துதான் எடுத்திருக்கிறார்.

அவர் முதல் காயை முறித்து அம்மாவின் கூடையில் போட்டார். தளிகைக் கூடை. அம்மா அதை எடுத்து வெளியே வைப்பாளோ என்று பார்த்தேன். அவள் காயைக் கையில் எடுத்து, காம்புப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், திரும்பக் கூடையிலேயே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

"ஏம்மா பாப்பா" என்றார் நைனா, என் பக்கம் திரும்பாமல். "அங்கியே குந்திக்கினு கீற. இந்த முட்டு இன்னும் ஆட்து பாரு. வந்து புடி."

எல்லாரும் இருந்தார்கள். போனேன். போகிற வழியெல்லாம் வெட்கம். இதை எழுதுகிறபோதும் அது போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் காற்றடித்த பிறகு எங்கள் பந்தல் அந்தப் பக்கம் கழுத்து உயரத்துக்கு இறங்கியிருந்தது, உள்ளே போகிறவர்கள் யாராக இருந்தாலும் தலையைக் குனிந்துதான் போக வேண்டும். அன்றைக்கு எனக்கு அது வசதியாக இருந்தது.